சோடாவால் மாறியது என்றாயே, மச்சான்

மச்சான்,

இன்று காலை கிளினிக்கில் அந்தப் படத்தைக் கடைசி வரி வரைக்கும் வாசித்து முடித்தேன். பிறசர் பார்க்கிற அறைக்கு வெளியே, நீள வாங்குக்கு மேலே, சுவரில் ஒட்டியிருக்கிறதே, அதுதான். வெட்டிய முட்டைக்கோவா மாதிரி ஒரு மூளை, அதற்குள் ஓடுகிற சிவப்புக் குழாய்கள், மேலே கொட்டை எழுத்தில் 'பாரிசவாதம்: வகைகளும் விளைவுகளும்'. அந்தத் தலைப்பை வாசிக்கவே எனக்குப் போன மாதக் கிளினிக் முழுதும் போயிற்று. ளகரம் வந்து வந்து மறித்தது. இன்றைக்கு மிச்சம் எல்லாவற்றையும் ஒரே இருப்பில் முடித்தேன். பக்கத்தில் இருந்த மனிசிக்குப் பொறுக்கவில்லை.

"ஐயா, மனசுக்கை வாசியுங்கோவன். எனக்குத் தலை இடிக்குது."

மனதுக்குள் வாசிக்கிற வித்தை எனக்கு இன்னும் பிடிபடவில்லை, பிள்ளை என்றேன். எனக்கு எழுத்து என்றால் விரலும் வாயும் சேர்ந்ததுதான்.

வாசிக்க வாசிக்கச் சந்தோசம். வாசித்து முடிய உன் மேலே ஆத்திரம். பிறசருக்கு மருந்து எடுக்க வந்து அந்தப் படத்துக்குக் கீழேதானே நீ மாதாமாதம் இருந்தாய்! பேப்பரை அகல விரித்துப் பிடித்துக்கொண்டு, மரண அறிவித்தல் தொடக்கம் மணமகள் தேவை வரைக்கும் வாசித்தாய். தலைக்கு மேலே ஒட்டியிருந்ததை ஒரு நாள் திரும்பிப் பார்த்தாயா? வாங்கில் சாய்ந்து இருக்கிறவர்களின் தலை எண்ணெய் பட்டுப் பட்டு அந்தப் படத்தின் கீழ்ப்பக்கம் கறுத்துப் போயிருக்கிறது. அந்தக் கறுப்பில் உன் பங்கு கட்டாயம் இருக்கும். எதிலும் உனக்குப் பங்கு வேண்டுமே.

என் தங்கச்சியைக் கட்டி வந்தபோது உனக்கு எங்கள் கிணற்றில் பாதி சீதனமாக வந்தது. மற்றப் பாதி என்னுடையது. ஒரு நாள் உன் முறை, ஒரு நாள் என் முறை. கிணற்றுக்கு அது விளங்கும், வெங்காயத்துக்கு விளங்கும், உனக்கு மட்டும் விளங்காது. என் முறை நாளில் உன் பாத்தி ஈரமாக இருக்கும். கேட்டால், "இரவு பனி கூடிப்போச்சு" என்பாய். சித்திரை மாதத்தில் என்ன பனி?

அதோடு உனக்கு எழுத்துத் தெரியும், எனக்குத் தெரியாது. எங்கள் ஐயா செத்தபோது நான் சின்னப் பொடியன். தங்கச்சி பள்ளிக்கூடம் போனாள், நான் கிணற்றடியில் தண்ணீர் இறைக்கத் துலா மிதித்தேன். பிறகு பின்னேரங்களில் நீ பேப்பரை வாசிப்பாய், நான் கேட்பேன். வாசித்த செய்தியில் பாதி உன் கைச்சரக்கு என்று இப்போதுதான் தெரிகிறது. வெங்காய விலை விழப்போகிறது என்று நீ வாசித்த அன்றைக்கு நான் அவசரப்பட்டு விற்றேன், நீ வைத்திருந்து விற்றாய். அந்தப் பேப்பர் இப்போது கிடைத்தால் நல்லது.

சரி. சோடாக் கதைக்கு வருகிறேன்.

அன்றைக்கு உன் முறை. நீ தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தாய், நான் வரம்பில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன். மண்வெட்டி உன் கையை விட்டுத் தானாக விழுந்தது. குனிந்து எடுக்கப் போனாய், விரல் மடங்கவில்லை. வாய் ஒரு பக்கம் இழுபட்டது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னாய், கள்ளுக் குடித்தவன் கதை மாதிரிக் கொழகொழ என்று இருந்தது. நான் பயந்து தங்கச்சியைக் கூப்பிட்டேன். நீ வயிற்றைத் தடவிக் காட்டி "சோ... சோ..." என்றாய். அவள் ஓடிப்போய்ச் சந்திக் கடையில் சோடா வாங்கி வந்தாள். குடித்தாய். பக்கத்துத் தோட்டத்துக்குக் கேட்கிற மாதிரி ஓர் ஏப்பம் விட்டாய். கொஞ்ச நேரத்தில் விரல் மடங்கியது, வாய் நேரானது, நாக்கும் வந்தது. வந்த நாக்கு முதலில் சொன்னது என்ன?

"பாத்தியே? வாய்வு. சோடாவோடை பறந்திட்டுது."

"ஒருக்கா டொக்ரரிட்டைக் காட்டுவம், மச்சான்."

"என்னத்தைக் காட்டுறது? மாறின வருத்தத்தையோ? போய் உன்ரை வெத்திலையைச் சப்பு."

நான் சும்மா இருந்தேனா? மூன்று தரம் சொன்னேன். தங்கச்சி அழுது சொன்னாள். நீ சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் போய்ச் சோடாவின் பெருமையைச் சொன்னாய். கை விறைத்தால் சோடா, தலை சுற்றினால் சோடா. சந்திக் கடைக்காரர் உனக்கு மாலை போடாத குறை.

படத்தில் அதற்கு ஒரு தனிப் பெட்டி போட்டிருக்கிறார்கள், மச்சான். 'தற்காலிகமானது' என்று எழுதியிருக்கிறது. இரத்தக் குழாயில் சின்னக் கட்டி ஒன்று வந்து நிற்கிறது, அந்த நேரம் கை விழுகிறது, வாய் கோணுகிறது. பிறகு கட்டி தானாகக் கரைந்துவிடுகிறது, எல்லாம் பழையபடி வருகிறது. நீ சோடா குடித்தாலும் மாறியிருக்கும், கிணற்றுத் தண்ணீர் குடித்தாலும் மாறியிருக்கும், என்னை ஏசிக்கொண்டு சும்மா இருந்தாலும் மாறியிருக்கும். வாய்க்காலில் ஒரு சருகு வந்து அடைத்து, பிறகு தண்ணீரோடு போய்விடுகிற மாதிரி. ஆனால் தோட்டக்காரன் அதோடு விடுவானா? சருகு எங்கேயிருந்து வந்தது என்று கிணற்றுத் தொட்டியடிக்குப் போய்ப் பார்க்கமாட்டானா? கோயிலில் முதல் மணி அடித்தால் பூசை முடிந்தது என்று வீட்டுக்குப் போகிற ஆள் நீதான்.

இரண்டு கிழமை போகவில்லை. அன்றைக்கு என் முறை. விடிந்து நான் தோட்டத்துக்குப் போனால், தண்ணீர் மிசின் ஓடுகிறது, என் தண்ணீர் உன் பாத்திக்குப் பாய்கிறது, நீ வாய்க்காலுக்குள் கிடக்கிறாய். கண் திறந்திருந்தது. என்னைக் கண்டதும் அந்தக் கண் களவு பிடிபட்டவன் கண்ணாக முழித்ததை நான் மறக்கமாட்டேன். தூக்கி வரம்பில் சாய்த்தேன். வலது காலும் கையும் அசையவில்லை. வாயில் சத்தம் இல்லை. இடது கைப் பெருவிரலை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினாய். அந்த நேரத்திலும் சோடா!

தங்கச்சி பாவம், போன தரம் மாறியதே என்ற நம்பிக்கையில் வாங்கி வந்து வாயில் விட்டாள். விட்டது உள்ளே போகவில்லை. மூக்கால் வந்தது. நீ புரைக்கேறி நீலமாகிப் போனாய். நான் போத்தலைத் தட்டிவிட்டேன். ஓட்டோவில் உன்னை என் மடியில் கிடத்திக்கொண்டு போகையில் உன் மேலெல்லாம் சோடா பிசுபிசுத்தது.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டொக்ரர், பொம்பிளைப் பிள்ளை, திருப்பித் திருப்பி ஒரே கேள்வி கேட்டா. "ஐயாவுக்கு எத்தினை மணிக்குத் தொடங்கினது? கடைசியா நல்லா இருந்ததை ஆர் பார்த்தது?" யார் பார்த்தது? களவாகத் தண்ணீர் மாற்றப் போனவன் ஆளுக்குச் சொல்லிவிட்டா போவான்? நேரம் தெரிந்து வேளைக்கு வந்திருந்தால், அடைப்பாக இருந்தால் கரைக்க ஒரு மருந்து இருக்கிறதாம். நேரம் தெரியாததால் அதைக் கொடுக்க வழியில்லை என்றா. என் மச்சான் என் முறைத் தண்ணீரைத் திருடப் போனவர் என்று அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

தலையை ஸ்கான் எடுத்தார்கள். ஏன் என்று கேட்டேன்.

"ஐயா, இரத்தக் குழாய் அடைச்சாலும் இப்பிடித்தான் வரும், வெடிச்சுக் கசிஞ்சாலும் இப்பிடித்தான் வரும். வெளியாலை பார்த்துச் சொல்லேலாது."

"வாய்க்கால் அடைச்சாலும் வெங்காயம் சாகும், உடைஞ்சாலும் சாகும். அப்பிடியோ பிள்ளை?"

"அப்பிடித்தான். ஆனால் அடைச்ச வாய்க்காலுக்குச் செய்யிறதை உடைஞ்ச வாய்க்காலுக்குச் செய்தால்?"

"தோட்டமே போயிடும்."

"அதுதான் ஐயா. அடைப்புக்குக் குடுக்கிற மருந்து கசிவுக்கு நஞ்சு. அதுக்குத்தான் முதல் படம்."

உனக்கு அடைப்பு. அதுவும் பெரிய மூளையில் இல்லை, கீழே, கழுத்துக்குக் கிட்ட, மூளைத் தண்டில். கிணற்றுத் தொட்டியின் வாய் என்று வைத்துக்கொள். எல்லா வாய்க்காலும் அதாலேதான் போகவேண்டும். அதனால் காலுக்கும் கைக்கும் போகிறது தடைப்பட்டது, நாக்குக்கும் தொண்டைக்கும் போகிறது தடைப்பட்டது. யோசிக்கிற மூளைக்கு ஒன்றும் இல்லை. உன் கள்ளப் புத்தி முழுதாக இருந்தது.

எந்த வாய்க்கால் அடைக்கிறதோ அந்தப் பாத்திதான் காயும் என்று அந்த வார்ட்டில்தான் எனக்கு விளங்கியது. உனக்கு முன் கட்டிலில் இருந்தவருக்கு இடது பக்க மூளையில் அடைப்பு. நாக்கு நன்றாகப் புரளும், ஆனால் அவர் தேடுகிற சொல் வராது. வந்தது ஒரு சொல்தான். "சாப்பிட்டியளோ?" என்றால் "நாளைக்கு". "எங்கையாவது நோகுதோ?" என்றால் "நாளைக்கு". தான் சொல்ல நினைத்தது அது இல்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததால் அழுவார். ஜன்னலோரத்தில் இருந்தவருக்கு வலது பக்கத்தில் கசிவு. அவருக்கு உலகத்தில் இடப்பக்கம் என்று ஒன்று இல்லாமல் போய்விட்டது. கோப்பையில் வலது பக்கச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு, "எனக்கு மட்டும் மீன் வைக்கேல்லை" என்று மனிசியோடு சண்டை பிடிப்பார். மனிசி கோப்பையைத் திருப்பி வைப்பா. மீன் வந்துவிடும். "இப்ப வைச்சிட்டு முதலே வைச்சது எண்டு சொல்லுறாள்" என்று எங்களிடம் முறையிடுவார்.

நீ அதைப் பார்த்துச் சிரித்தாய். சிரிப்பு நிற்கவில்லை. நிற்காமல் அழுகையாக மாறியது. நான் ஓடிப்போய் ஆளைக் கூப்பிட்டேன். அந்த இடத்து அடைப்பில் அப்படியும் வருமாம், மனதுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லையாம் என்று டொக்ரர் பிள்ளை சொன்னா. சம்பந்தம் இருந்தது என்றுதான் நான் இன்னும் நினைக்கிறேன்.

உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஊர் திரண்டு வந்து பார்த்தது. ஆளுக்காள் உன் காதுக்குள் கத்தினார்கள். "என்னைத் தெரியுதோ? நான் ஆர் சொல்லு பாப்பம்!" உன் காதுக்கு என்ன வருத்தம்? பாரிசவாதம் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைக்கிற சனம். "ஆளுக்கு அறிவு போட்டுது" என்று உன் முன்னாலேயே சொன்னார்கள். நீ கண்ணால் அவர்களை எரித்தாய். அன்றைக்கு மட்டும் உனக்காகப் பரிந்து நான் இரண்டு பேரைப் படலைக்கு வெளியே விட்டேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பிள்ளை உனக்கு ஓர் எழுத்துப் பலகை தந்தா. உயிர் எழுத்து மேலே, மெய் எழுத்து கீழே. இடது கை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொல்லலாம். தங்கச்சி அதைப் பார்த்து எனக்கு வாசிப்பாள்.

"அண்ணை, உங்களை இருக்கட்டாம்."

இவ்வளவு நேரம் குத்திக் குத்திக் காட்டியது இருக்கச் சொல்லவா? உன் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

"அண்ணை, நீங்கள் சாப்பிட்டியளோ எண்டு கேக்கிறார்."

"உவனோ? என்னையோ?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு விளங்கிவிட்டது. நீ சொல்லுகிற ஏச்சையெல்லாம் அவள் நடுவில் மறித்து, தேன் தடவித் தருகிறாள். நாற்பது வருசம் என்னை நேரே ஏசியவன், இப்போது நான் விளங்காமல் இருக்க ஏசுகிறான்! அந்த ஆத்திரத்தில்தான் மச்சான் நான் எழுத்துப் படித்தேன். வேறு ஒரு நல்ல நோக்கமும் இல்லை.

தங்கச்சி சமையலுக்குப் போகிற நேரம் நாங்கள் இரண்டு பேரும் பலகையோடு இருப்போம். அவள் அகரம் தொடங்கி எழுத்துகளின் பெயரைச் சொல்லித் தந்தாள், மிச்சம் உன் விரல். நான் பிழையாகச் சொன்னால் பலகையைக் கட்டில் சட்டத்தில் அடிப்பாய். நான் எழும்பிப் போவேன். பிறகு எனக்கே இருப்புக் கொள்ளாது, திரும்பி வருவேன். நீ விட்ட இடத்தில் விரலை வைத்துக்கொண்டு இருப்பாய். நான் முதன்முதல் ஒருவர் உதவியும் இல்லாமல் வாசித்த சொல் 'மடையன்'. ம், அ, ம. ட், ஐ, டை. ய், அ, ய. ன். வாசித்ததும் எனக்குத் தலைகால் தெரியவில்லை. "தங்கச்சி! மடையனாம்! என்னை மடையன் எண்டு சொல்லுறான்!" என்று குசினிக்கு ஓடினேன். ஒழுங்கை முழுதும் சொன்னேன். அந்த வயதில் ஒரு மனிதன் மடையன் என்று பெயர் வாங்கி இவ்வளவு சந்தோசப்பட்டதை எங்கள் ஊர் கண்டிருக்காது. நீயும் சிரித்தாய். அது அழுகையாக மாறாத சிரிப்பு.

அதற்குப் பிறகு எங்கள் சண்டை பழையபடி நடந்தது. ஆனால் ஒரு ஏச்சை நீ சொல்லி நான் கூட்டி முடிக்க ஒரு தேத்தண்ணி ஆறிவிடும். கோபத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு எழுத்துக் கூட்டுகிறது லேசுப்பட்ட வேலை இல்லை.

அப்படி ஒரு பின்னேரம்தான் அது நடந்தது. நான் உன் கட்டிலடியில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். பேணி இடது கையில். அது எப்படிச் சரிந்தது என்று எனக்குத் தெரியாது. இடுப்பில் கட்டியிருந்த சாரம் நனைந்தது, சூடு மட்டும் சரியாகத் தெரியவில்லை. "கை வழுக்கிப்போச்சு" என்று சொன்னேன். சரியாகச் சொன்னேன் என்றுதான் நினைத்தேன். நீ என்னையே பார்த்தாய். பலகையை எடுத்துச் சட்டத்தில் அடித்தாய்.

"என்ன, தேத்தண்ணி ஊத்தினதுக்கும் ஏச்சோ?"

நீ விரலை வைத்தாய். வ். ஆ. ய். வாய். நான் உன்னைப் பார்த்தேன். நீ விரலால் உன் வாயின் ஓரத்தைக் கீழே இழுத்துக் காட்டினாய். என் வாயைத் தொட்டுப் பார்த்தேன். எனக்கு என்ன தோன்றியது என்று நினைக்கிறாய்? இவ்வளவையும் கண்ணால் கண்டவன் நான், என் வாயால் வந்தது என்ன தெரியுமா?

"வாய்வு போலை கிடக்கு. ஒரு சோடா குடிச்சால்..."

நீ பலகையால் என் தோளில் அடித்தாய். இருந்த ஒரு கையில் இருந்த பலம் எல்லாம் சேர்த்து அடித்தாய். பிறகு விரலை வைத்தாய். ப். ஓ. நான் கூட்டினேன். போ.

எழும்பப் பார்த்தேன், கால் கொஞ்சம் தடுமாறியது. கதிரையில் இருந்துவிட்டேன். கொஞ்சம் இருக்க, கையில் எறும்பு ஊர்கிற மாதிரி உணர்ச்சி வந்தது. விரல் மடங்கியது. வாயும் நேராகிவிட்டதை உணர்ந்தேன். "பார், மாறீட்டுது" என்று உனக்குக் கையைத் தூக்கிக் காட்டினேன். நீ மாறவில்லை. ப். ஓ. கண்ணீர் வழிய வழிய ப், ஓ. ப், ஓ. தங்கச்சி வந்து, "ஏன் இவர் உங்களைப் போகச் சொல்லுறார்? திருப்பியும் சண்டையோ?" என்று கேட்டாள். அவளிடம் கையில் நடந்ததைச் சொன்னேன். அவள் ஓட்டோவுக்குப் போன் எடுத்தாள். ஓட்டோ படலையைத் தாண்டும் வரைக்கும் உள்ளே சட்டத்தில் பலகை அடிபடுகிற சத்தம் கேட்டது.

எனக்கு வந்தது அந்தத் தனிப் பெட்டியில் இருக்கிற தற்காலிகமானது. வேளைக்கு வந்தீர்கள் ஐயா என்று சொன்னார்கள். கழுத்துக் குழாய், நெஞ்சு எல்லாம் பார்த்தார்கள். இப்போது காலையில் ஒரு மருந்துக் குளிசை, இரவில் ஒன்று. பைக்கற்றில் 'காலை' என்றும் 'இரவு' என்றும் எழுதியிருப்பதை நானே வாசித்து எடுக்கிறேன்.

நீ அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம்தான் இருந்தாய். தொண்டை சரியாக வேலை செய்யாதவனுக்கு, குடிக்கிறதை எவ்வளவு தடிப்பாக்கிக் கவனமாகக் கொடுத்தாலும், கொஞ்சம் வழி மாறி நெஞ்சுக்குள் போய்விடுமாம். சளி கட்டியது, காய்ச்சல் வந்தது. கடைசிக் கிழமையிலும் பலகையில் நீ கேட்டது சோடா. நான் தரவில்லை. நீ ஏசிய ஏச்சை முழுதாக வாசித்தேன். இங்கே எழுத மாட்டேன், தங்கச்சி பார்ப்பாள்.

இப்போது உன் முறை நாளில் உன் பாத்திக்கும் நான்தான் தண்ணீர் விடுகிறேன். என் முறை நாளில் உன் பாத்தி ஈரமாக இருக்கிறதா என்று பழக்கத்தில் போய்ப் பார்க்கிறேன். காய்ந்து கிடக்கிறது. அதுவும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

இந்தக் கடிதம் எழுதத் தொடங்கி விரல் நோகிறது. படத்தின் கடைசி வரியைச் சொல்லி முடிக்கிறேன். அந்த எண்ணெய்க் கறுப்புக்குள் மங்கலாக இருந்ததால், வாங்கில் இருந்தவர்களை எழுப்பிவிட்டு, முகத்தைச் சுவரோடு வைத்து வாசித்தேன். நேர்ஸ் பிள்ளை என் பெயரை இரண்டு தரம் கூப்பிட்டா. "பொறு பிள்ளை, இன்னும் ஒரு வரி கிடக்கு" என்றேன். 'அறிகுறிகள் தாமாகவே மறைந்துவிட்டாலும், தாமதிக்காது உடனடியாக வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.'

எவ்வளவு எழுத்து, மச்சான்! நீ அதை ஒரே எழுத்தில் சொன்னாய்.

அந்த ஒரு எழுத்தை, மண்வெட்டி விழுந்த அன்றைக்கு, நீ உனக்கும் ஒருக்கால் சொல்லியிருக்கக் கூடாதா?